கை நின்றால் கருவியை மாற்று!



நம்மில் எத்தனையோ பேருக்கு நன்றாக வரையத் தெரியும். பள்ளியில் படித்தபோது அறிவியல் நோட்டில் நாம் போட்ட இதயப் படத்தை ஆசிரியர் வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டியிருப்பார். டிப்ளமோ இரண்டாம் ஆண்டு வருவதற்குள் அந்தக் கை நின்றுவிடுகிறதே, ஏன்? கேட்டால், "எதைப் போட்டாலும் ஒரே மாதிரி இருக்குப்பா, நமக்கு அவ்வளவுதான் வரும்" என்கிறார்கள். ஒரே பென்சில், ஒரே தாள், ஒரே கோணம் என்று பழகிய கைக்குச் சலிப்புத் தட்டாமல் என்ன செய்யும்?

பெரிய கலைஞர்களுக்கும் கை நின்றதுண்டு. கோபுலுவைப் பாருங்கள். ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குப் படம் போட்ட கை அது. பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார்! சாந்தி நிகேதனின் வினோத் பிஹாரி முகர்ஜி, கண் அறுவைக்குப் பின் பார்வையை முழுதாக இழந்தார். தூரிகை உதவாது என்றானதும் வண்ணக் காகிதத்தை விரலால் தடவி, வெட்டி ஒட்டிப் படமாக்கினார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற படமே எடுத்தார்.

எந்த ஊனமும் இல்லாமலே வழியை மாற்றியவர் நம் கே.எம். ஆதிமூலம். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களும், கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போட்ட படங்களும் புகழ் பெற்றவை. கறுப்புக் கோட்டிலேயே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால், உருவமே இல்லாத வண்ண ஓவியத்துக்குப் போனார்.

கருவியை மாற்றினால் என்ன நடக்கிறது? ஒவ்வொரு கருவியும் ஒரு வசதியைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கிறது. சிரட்டைக் கரியில் மெல்லிய கோடு வராது. அதனால் இருளையும் வெளிச்சத்தையும் பார்க்கப் பழகுகிறோம். கத்தரிக்கோலில் நிழல் போட முடியாது. உருவத்தின் வெளிக்கோட்டை மட்டுமே யோசிக்க வேண்டும். பேனாவில் அழிக்க முடியாது, துணிச்சல் வருகிறது. எங்கள் புளியறை வயலையும் அதற்குப் பின்னால் நிற்கும் மலையையும் பென்சிலில் பலமுறை போட்டு எனக்கே அலுத்துப்போச்சு. கரியில் போட்டபோதுதான் மலை வயலை அழுத்திக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. மலை மாறவில்லை, நான் பார்த்த விதம் மாறியது.

"இதுக்கெல்லாம் காசு யாருலே தருவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வயல் வேலைக்குப் போகிற அப்பாவிடம் டிராஃப்டருக்குப் பணம் கேட்கவே நா எழவில்லை. கலர் பெட்டிக்கு எப்படிக் கேட்பது? ஆனால் சிரட்டைக் கரிக்கும் செங்கல் பொடிக்கும் காசில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்தால் பூ அச்சு ரெடி. தேய்ந்த டூத் பிரஷ்ஷில் மை தொட்டு, ஓர் இலையை வைத்துத் தெளித்தால் அது ஒரு படம். குற்றாலம் சித்திரசபைச் சுவர்களில் வரைந்தவர்களுக்கு எந்தக் கடையில் கலர் பெட்டி விற்றார்கள்?

"படம் போட்டா சோறு போடுமா?" என்பது அடுத்த கேள்வி. வேலைக்குப் படிக்க வந்தவன்தான் நானும். ஆனால் வரைபட மேசையில் கோடு மட்டும் போதாது. ஒரு பொருளை முன்னிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மனக்கண்ணில் பார்க்க வேண்டாமா? அந்தப் பார்வைக்கு இதுவும் ஒரு பயிற்சியே. மேலும், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவனுக்குப் பிழைப்பு மட்டும் போதும், கலை மற்றவர்களுக்கு என்று யார் பிரித்து வைத்தது?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நூலக வாசலில் ஒரு சுவர்ப் பலகை தாருங்கள். மாதம் ஒரு கருவி: ஒரு மாதம் கரி, ஒரு மாதம் கத்தரிக்கோல், ஒரு மாதம் இடது கை! பரிசும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். கோணலாக வந்தாலும் ஒட்டுவோம்.

மூடி வைத்த நோட்டுகளைத் திறங்கள், தோழர்களே!

- இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், புளியறை