புதுக் கமெரா வேண்டாம், ஒரு பிளாஷ் வாங்குங்கள்

மூன்று வருசத்துக்கு முன் அம்மம்மா தவறியபோது, இறுதிச் சடங்கு மண்டபத்தில் வைக்க அன்று பின்னேரமே ஒரு படம் கேட்டார்கள். பேரப்பிள்ளைகள் ஏழு பேர். ஆளுக்கொரு ஃபோன், ஆயிரக்கணக்கில் படங்கள். ஒன்றும் உதவவில்லை. பிறந்தநாள் ஒன்றில் கமெராவின் தலையில் இருந்த பிளாஷால் நான் எடுத்த படத்தில் நெற்றி எண்ணெய் பூசினது போல மினுங்கியது; பின்சுவரில் கறுப்பாய் நிழல். கடைசியில் பாஸ்போர்ட் படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டோம். அம்மம்மாவுக்கு அந்தப் படத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

அதனால்தான் "அண்ணா, என்ன கமெரா வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரே பதில் சொல்கிறேன்: வாங்காதீர்கள். அலுமாரிக்குள் கிடக்கிற நிக்கொன் டி90, கெனன் ரெபெல் ரி3ஐ போன்றவை போதும். காசைக் கமெராவுக்கு வெளியே, பக்கவாட்டில் நிற்கிற வெளிச்சத்துக்குச் செலவழியுங்கள்.

யன்னல் வெளிச்சம் இலவசம், அதைவிட நல்லதும் இல்லை. ஆனால் மொன்றியலில் மார்கழி மாதம் நாலே கால் மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். நீங்கள் வேலையாலோ வகுப்பாலோ வீட்டுக்கு வரும்போது இருட்டு.

எங்கட தோலுக்கென்று ஒரு கதையும் இருக்கிறது. இங்கே கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா றொத், 2009இல் 'ஷேர்லி' அட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிறம் சரிபார்க்க கொடாக் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய அட்டைகள் அவை. பல தசாப்தங்களாக அவற்றில் இருந்தது வெள்ளைத்தோல் பெண்கள்தான். சொக்லேற் கம்பனிகளும் தளபாடக் கம்பனிகளும் தங்கள் பொருட்களின் மண்ணிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும் பிலிம் திருந்தியதற்கு ஒரு காரணமாம். மனிதர்களுக்கு முன் மேசைக்கு நியாயம் கிடைத்திருக்கிறது! டிஜிட்டல் சென்சரில் அந்தக் குறை பெரிதாக இல்லை. ஆனாலும் லென்ஸுக்கு நேர் மேலேயிருந்து அடிக்கிற சின்ன பிளாஷ், மண்ணிறத் தோலில் பளபளப்பை மட்டும் பிடித்துவிட்டு முகத்தின் வடிவைத் தட்டையாக்கிவிடும். பக்கத்திலிருந்து, பெரிய பரப்பாக, கிட்ட வரவேண்டும் வெளிச்சம்.

அதற்கு நான் சொல்வது கோடொக்ஸ் ரிரி600. ரேடியோ உள்ளேயே இருப்பதால் கமெராவின் தலையில் ஒரு அனுப்பி மட்டும் போதும். எக்ஸ்2ரி என்ற அனுப்பி நிக்கொனுக்கு வேறு, கெனனுக்கு வேறு, பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு வெள்ளைக் குடை, அதைப் பிடிக்கும் கவ்வி, ஒரு ஸ்ராண்ட், ஏஏ சார்ஜ் பற்றரி நாலு. தானாக அளவு பார்க்கிற ரிரிஎல் பிளாஷுக்குக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓடித்திரிகிற குழந்தைக்கு அது உதவும்; கதிரையில் இருக்கிற அம்மம்மாவுக்கும் குடைக்கும் இடையே தூரம் மாறப்போவதில்லை.

பழைய கமெரா என்று வெட்கப்படவும் வேண்டாம். 2018இல் வந்த கெனன் ரெபெல் ரி100, அடுத்த வருசம் வந்த எஸ்எல்3 இரண்டிலும் பிளாஷ் பூட்டின் நடுத் தொடுமுனையையே எடுத்துவிட்டார்கள். ரிரி600 போன்ற மனுவல் பிளாஷை நேரே பூட்டினால் வெடிக்காது. உங்கள் பழைய ரி3ஐயில் அந்தப் பிரச்சினை இல்லை. மாமாவின் பிலிம் காலத்து விவிட்டார் 283ஐ மட்டும் டிஜிட்டல் கமெராவில் பூட்டாதீர்கள். அதில் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ற்றுக்கு மேல் வரும். எல்லாக் கமெராவும் அதைத் தாங்காது.

தொடக்கத்துக்கு என்னுடைய அளவு: ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, ஷட்டர் 1/160, பிளாஷ் 1/16. குடை முகத்திலிருந்து ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட, கண்ணுக்கு மேலே, ஒரு பக்கமாக. இருட்டாக வந்தால் குடையைக் கிட்டக் கொண்டுபோங்கள்: தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. ஷட்டரை மட்டும் 1/200க்கு மேல் கொண்டுபோகாதீர்கள், படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். பழைய நிக்கொன் டி40 இதில் கெட்டிக்காரன், 1/500 வரை போகும்.

அப்பம்மாவுக்கு இப்போது 84 வயது. போன மார்கழியில் அவவின் பார்க் எக்ஸ்ரென்ஷன் வீட்டு வரவேற்பறையில் குடையை விரித்தபோது, "வீட்டுக்குள்ள ஏன்ரா குடை, மழையே?" என்று கேட்டுச் சிரித்தா. அப்போது அமத்தியதுதான் நல்ல படம். இப்போது கண்ணாடி போட்டபடி இன்னொன்று வேண்டுமாம். கண்ணாடியில் குடை தெரியாமல் இருக்க ஸ்ராண்டை இன்னும் உயர்த்த வேண்டும். அவவின் வீட்டுக் கூரையோ பதிவு. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.