இரவில் அலறும் கார்கள்: சோதனை போதுமா?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போரில் சிலர் அதன் புகைபோக்கியைக் கழற்றிவிட்டு, வேறொன்றை வீட்டிலேயே பொருத்துகின்றனர். சைலன்சரை நீக்கினால் இரைச்சல் கூடும். வினையூக்கி மாற்றியையும் அகற்றினால் நச்சுப்புகையும் கூடும்.

சிங்கப்பூரில் இதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை. மீறுவோருக்கு அபராதம், சிறை விதிக்கப்படலாம். விதியில் குறையில்லை, சிக்கல் கண்டுபிடிப்பதில்தான்.

பதிவாகி மூன்று முதல் பத்து ஆண்டுகளான கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயச் சோதனை. அன்றைக்கு மட்டும் பழைய குழாயை மாட்டிச் சென்றால் கார் தேறிவிடும். சாலையோரச் சோதனைகள் நடந்தாலும், எல்லா இரவும் எல்லாச் சாலைகளிலும் அதிகாரிகள் நிற்க முடியாது.

தேக்காவில் கடைகளுக்கு மேலேயே வீவக வீடுகள் உள்ளன. கீழே ஒரு கார் சீறினால், மேலே தூங்கும் குழந்தையும் முதியவரும் விழித்துக்கொள்வர். காரின் எண்ணைக் குறித்துப் புகார் செய்வதற்குள் அது போய்விடும்.

பாரிஸ் நகரம் 2022ல், இரைச்சலை அளந்து வாகன எண்ணைப் படமெடுக்கும் கருவியைச் சோதிக்கத் தொடங்கியது. இங்கும் அதைப் பரிசீலிக்கலாம். மின்சாரக் கார்கள் பெருகினால் இரைச்சல் தானே அடங்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பெட்ரோல் கார்கள் இன்னும் பல்லாண்டு ஓடும். மக்களுக்கோ இன்றிரவே தூக்கம் வேண்டும்.