வடவெல்லைக் கண்டிகைகள்

தமிழ்கூறு நல்லுலகின் வடக்கெல்லை வேங்கடமென வரையறுத்தது தொல்காப்பியப் பாயிரம். இன்று அவ்வெல்லை திருத்தணியை ஒட்டியே நின்றுவிட்டது. இழந்ததைப் பற்றி நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். மீட்டுக்கொண்ட மண்ணில் தமிழ் எவ்வாறிருக்கிறது என்று பார்த்தவர் சிலரே.

திருத்தணி வட்டத்துக் கே.ஜி.கண்டிகையை எடுத்துக்கொள்வோம். கண்டிகை என்னும் ஈறு பெற்ற ஊர்கள் இப்பக்கத்தில் பல. எல்லை கடந்தால் அச்சொல்லே தெலுங்கர் நாவில் 'கண்டிரிகை' ஆகிறது. ஒரே சொல் இருபுறமும் ஊராகி நிற்கிறதென்றால், இங்கு வாழ்ந்தவர் வேலியிட்டு வாழ்ந்தவரல்லர். தமிழ்க் குடிகளும் தெலுங்கு பேசும் குடிகளும் உருது பேசும் இசுலாமியரும் இருளரும் ஒரே ஏரி நீரையும் ஒரே சந்தையையும் பகிர்ந்துகொண்டவர்கள். கார்வேட்டிநகரத்துத் தெலுங்குச் சமீன்தார்கள் நெடுங்காலம் இப்பகுதியை ஆண்டதும் இக்கலப்பிற்கு ஒரு காரணம்.

ஆயினும் மண்ணின் பழைய மொழி எதுவென்பதில் ஐயமில்லை. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ வேந்தன் அபராசிதன் தானே இயற்றிய தமிழ் வெண்பா கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அத்தகைய ஊர், 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1-10-1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அதனுடன் போயிற்று! ம.பொ.சி.யும் திருத்தணி விநாயகமும் பிறரும் போராடினர். படாசுகர் பரிந்துரையின்மேல் 1959இல் சட்டமியற்றப்பட்டு, 1-4-1960இல் திருத்தணி தமிழகம் வந்தது. சிற்றூர்தோறும் தமிழ் கற்பித்து இம்மக்களின் மொழியுணர்வைக் காத்த மங்கலங்கிழார் அந்நாளைக் காண இருக்கவில்லை, 1953இலேயே மறைந்தார். அரசியல் மேடைகள் அவரை மறந்தாலும் தமிழாசிரியர்கள் மறக்கலாகாது.

கோடு மாறியது, ஆறு மாறவில்லை. நந்தியாறும் நகரியாறும் சேரும் கொற்றலையாற்றை அலுவலர் 'கொசத்தலை' என்றெழுதுவர். அதன் நீர்ப்பிடிப்பு 3,727 சதுரக் கிலோமீட்டர். அதில் 877 ஆந்திரத்தில் உள்ளது. 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் நிறைவது இவ்வாற்றால். 2022இல் ஆந்திர அரசு இதன் குறுக்கே அணைகட்டத் திட்டமிட்ட ஈரிடங்களுள் ஒன்றின் பெயர் முக்கலகண்டிகை. மீண்டும் ஒரு கண்டிகை! தமிழக அரசு மறுப்பு மடல் எழுதியது முறையே. கீழ்மடைக்காரனின் உரிமையை விட்டுக்கொடுத்தலாகாது. அதே வேளையில், 1983ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி 1996இல் கிருட்டிணை நீர் ஆந்திர நிலத்தின் வழியாகவே அதே பூண்டிக்கு வந்ததையும் மறைக்கலாகாது. உரிமையைக் கேட்கப் பகை வேண்டியதில்லை, கணக்கு வேண்டும்.

இனி, ஊர்ப் பெயரைப் பாருங்கள். 'கே.ஜி.' என்பது தமிழா, தெலுங்கா? இரண்டுமன்று, இரண்டு ஆங்கில எழுத்துகள். இராமகிருட்டிணராசுப்பேட்டை 'ஆர்.கே.பேட்டை' ஆயிற்று. அப்பால் புச்சிநாயுடு கண்டிரிகையும் 'பி.என்.கண்டிரிகை' ஆகிவிட்டது. இராசுவும் நாயுடுவும் நம் சொற்களல்லவாயினும், முழுப் பெயரில் ஓர் ஆளும் ஒரு காலமும் இருந்தன. தமிழ்ப் பெயரைத் தெலுங்கு விழுங்கிற்று என்று குமுறுவோர், இருவர் பெயரையும் ஆங்கிலம் கொறித்துத் தின்பதை ஏன் காணவில்லை?

பள்ளியிலும் இதுவே நிலை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தைத் தெலுங்குச் சிறுபான்மையர் சிலர் மன்றத்தில் எதிர்த்தபோது நம்மவர் சினந்தனர். தமிழ்மண்ணில் வாழும் எந்தக் குழந்தையும் தமிழ் கற்றேயாகவேண்டும். அதில் எனக்கு மறுகருத்தில்லை. அக்குழந்தை வீட்டுமொழியாகிய தெலுங்கையும் கற்பதால் தமிழுக்கு என்ன குறை? நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு நாம் கேட்பதும் இதுதானே? இரு பக்கத்தையும் அரிப்பது வேறொன்று. 2012-13 முதல் நம் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2019இல் ஆந்திர அரசு தன் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டது. அடுத்த ஆண்டே உயர்நயன்மை மன்றம் அதனை நீக்கவேண்டியிருந்தது. தெலுங்குக்கென்று தனிமாநிலம் கேட்டுப் பெற்றவர்கள் செய்த வேலை இது! நாமும் அவர்களைப் பார்த்து நகைக்கும் நிலையில் இல்லை.

வடவெல்லை அன்பர்கள் செய்யத்தக்கன இரண்டு. ஊர்ப் பெயர்களை முழுமையாகத் தமிழில் எழுதச் செய்தல் ஒன்று. மற்றொன்று, நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியரும் பாடநூலும் தடையின்றிக் கிடைக்க ஆந்திர அரசையும், இங்குள்ள தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தமிழோடு தெலுங்கும் கற்பிக்க நம் அரசையும், ஒரே விண்ணப்பத்தில் கேட்டல்.