சமதர்மமும் ஐரோப்பியப் பொருளாதார நெருக்கடிகளும்: ஒரு மறுப்பு

ஐரோப்பிய நாடுகள் பொருளாதார இடர்ப்பாட்டிற்கு உள்ளாகும் போதெல்லாம் அதற்குக் காரணம் சமதர்மக் கொள்கையே எனத் தீர்ப்பு வழங்கும் வழக்கம் தமிழ்க் கட்டுரையுலகிலும் வேரூன்றியுள்ளது. கிரேக்கம் கடனில் மூழ்கியதும் சுவீடனின் வங்கிகள் நொடித்ததும் பிரான்சின் நாணயம் வீழ்ந்ததும் ஒரே நோயின் அறிகுறிகளாகக் காட்டப்பெறுகின்றன. இத்தீர்ப்பு வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துமாறில்லை என்பதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குதல் தகும். பல பொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது எனத் தொல்காப்பியர் இருவகைப்படுத்துவர். பின்னதனை ஆள்வோன் தான் கருதிய பொருளைத் தெரித்து மொழிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. சமதர்மம் என்னும் சொல் இப்பின்னைய வகையைச் சார்ந்தது. 1931இல் ‘குடிஅரசு’ இதழ் மார்க்சு, ஏங்கெல்சு ஆகியோரின் பொதுவுடைமைக் கட்சி அறிக்கையைத் தமிழில் வெளியிட்டபோது அதற்குச் ‘சமதர்ம அறிக்கை’ என்றே பெயரிட்டது. அதே சொல் இன்று சுவீடனின் குழந்தை வளர்ப்பு உதவித்தொகைக்கும் வழங்குகின்றது. உற்பத்திக் கருவிகள் யாவும் அரசுடைமையாகி, விலையும் அளவும் நடுவண் திட்டத்தால் வரையறுக்கப்படும் அமைப்பு ஒன்று. தனியுடைமையையும் சந்தையையும் விட்டுவைத்து, வரியின் வழியே கல்வி, மருத்துவம், முதுமைக் காப்பு ஆகியவற்றை அளிக்கும் மக்கள்நல அரசு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் சுட்டிவிட்டு, முன்னதன் குறையைப் பின்னதன் தலையில் ஏற்றுவது வழக்காடுமுறையே அன்றி ஆய்வுமுறை ஆகாது.

இவ்வேறுபாட்டினைச் சமதர்மத்தின் எதிரிகளே உணர்ந்திருந்தனர். விலையில்லாப் பொருளாதாரத்தில் கணக்கிடுதல் இயலாது என 1920இல் மீசசு எழுப்பிய வாதம் நடுவண் திட்டமிடலை நோக்கியது. ஆயெக் 1944இல் எழுதிய ‘அடிமைத்தனத்திற்கான பாதை’ என்னும் நூலின் இலக்கும் அதுவே. உணவு, உடை, உறையுள் ஆகியவற்றில் ஒரு குறைந்தபட்சக் காப்பினை அரசு அளித்தலை அந்நூல் மறுக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவின் திட்டப் பொருளாதாரங்கள் வீழ்ந்தமை மீசசின் வாதத்திற்கு வலுச்சேர்த்தது என்பதில் ஐயமில்லை. அதனைக் கொண்டு தென்மார்க்கின் ஓய்வூதியத்தை எடைபோடுவோர் ஆயெக்கையும் சரிவரக் கற்றாரல்லர்.

மறுதரப்பின் மிக வலிமையான சான்று பிரான்சு. 1981 மே மாதத்தில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற மித்தரான் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினார். ஓய்வு வயதை 60ஆகக் குறைத்தார். வாரப் பணிநேரத்தை 39 மணியாக்கினார். ஐந்து பெருந்தொழிற் குழுமங்களையும் முப்பதுக்கும் மேற்பட்ட வங்கிகளையும் 1982இல் நாட்டுடைமையாக்கினார். பிராங்கின் மதிப்பு 1981 அக்டோபர், 1982 சூன், 1983 மார்ச்சு என மும்முறை குறைக்கப்பட்டது. இறுதியில் அரசு சிக்கன நடவடிக்கைகளை மேற்கொண்டு தன் போக்கையே மாற்றிக்கொண்டது. இதனைச் சமதர்மத்தின் தோல்வி என்பார் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எனினும் தோற்றது எது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அமெரிக்காவும் மேற்கு செருமனியும் உயர்வட்டியால் தேவையைச் சுருக்கிய காலத்தில் பிரான்சு மட்டும் தேவையைப் பெருக்கியது. மக்கள் கைக்கு வந்த பணம் அயல்நாட்டுப் பொருள்களுக்குச் சென்றது. வாணிபப் பற்றாக்குறை விரிந்தது. நாணய மதிப்போ ஐரோப்பிய நாணய முறையால் கட்டப்பட்டிருந்தது.

இதே நிகழ்வு ஆறாண்டுகளுக்கு முன்னர் வலதுசாரி ஆட்சியிலும் நிகழ்ந்துள்ளது என்பது பலரால் மறக்கப்படுகின்றது. 1975 செப்டம்பரில் தலைமையமைச்சர் சிராக் செலவுப் பெருக்கத் திட்டமொன்றை அறிவித்தார். 1976 மார்ச்சில் பிராங்கு அன்றைய ஐரோப்பிய நாணயக் கூட்டிணைப்பினின்று வெளியேற நேர்ந்தது. சிராக்கைச் சமதர்மவாதி என்று எவரும் கூறார். ஒரே செயல் இருவேறு கொள்கையினரால் செய்யப்பட்டு ஒத்த விளைவையே தந்திருப்பின், விளைவின் காரணம் செயலில் உளதேயன்றிச் செய்தோரின் கொடி நிறத்தில் இல்லை.

சுவீடனின் வரலாறு இன்னும் நுணுகி நோக்கற்பாலது. 1936இன் சில மாதங்கள் நீங்கலாக 1932 முதல் 1976 வரை அங்குச் சமூக சனநாயகக் கட்சியினரே ஆட்சித் தலைமையில் இருந்தனர். அந்நெடுங்காலத்தில் சுவீடன் உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றாக உயர்ந்தது. இதனைக் கூறி நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. வரி எல்லை மீறியதும் அக்காலத்தில்தான். குழந்தை இலக்கியத்தால் உலகறிந்த ஆசுட்ரிட் லிண்ட்கிரேன், 1976 மார்ச்சில் ‘பொம்பெரிபோசா’ என்னும் எழுத்தாளரைத் தலைவியாகக் கொண்ட அங்கதக் கதையொன்றை நாளிதழில் வெளியிட்டார். தன்தொழில் புரிவோர்க்கான கட்டணமும் வருமான வரியும் சேர்ந்து, கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு நூற்றுக்கும் 102 செலுத்த வேண்டியிருந்த நிலையை அக்கதை எள்ளியது. நிதியமைச்சர் சிட்ரெங்கு முதலில் அதனை வரிநுட்பம் அறியாதார் கூற்றென ஒதுக்கினார். கணக்கோ சரியாகவே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர்த் தேர்தலில் அக்கட்சி ஆட்சியிழந்தது. லிண்ட்கிரேன் அக்கட்சியின் நெடுநாள் ஆதரவாளர் என்பது ஈண்டு நினையத்தக்கது. அவர் பழித்தது அறிவற்ற ஒரு வரிவிதியை. அதனை மக்கள்நலக் கொள்கை முழுமைக்கும் எதிரான சான்றாக எடுத்தாளுவோர் கதையைப் பாதியில் மூடிவிடுகின்றனர்.

1990களின் தொடக்கத்தில் அந்நாட்டைத் தாக்கிய நெருக்கடிக்கு வேர் வேறு. 1985 நவம்பரில் நடுவண் வங்கி கடன் வழங்கலுக்கு விதித்திருந்த உச்சவரம்புகளை நீக்கியது. வங்கிகள் போட்டியிட்டுக் கடன் வழங்கின. மனை, கட்டட விலைகள் வானளாவின. விலைகள் சரிந்தபோது வங்கிகளும் சரிந்தன. 1991 முதல் 1993 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து உற்பத்தி சுருங்கியது. 1990இல் 2 விழுக்காட்டிற்கும் கீழிருந்த வேலையின்மை 1993இல் 8 விழுக்காட்டைக் கடந்தது. குரோனாவின் மதிப்பைக் காக்க 1992 செப்டம்பரில் ஓரிரவுக் கடன் வட்டி 500 விழுக்காடாக உயர்த்தப்பட்டும் பயனின்றி நவம்பர் 19 அன்று அந்நாணயம் மிதக்க விடப்பட்டது. கட்டுப்பாட்டைத் தளர்த்தியமை சமதர்மச் செயலன்று; சமூக சனநாயக ஆட்சியின் போது நிகழ்ந்த சந்தைச் செயல். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உயர் வரிவிகிதமும், செலுத்திய வட்டியை வருமானத்தினின்று கழித்துக்கொள்ளும் சலுகையும், விலைவாசி ஏற்றமும் இணைந்து கடன் வாங்குதலை ஏறத்தாழ இலவசமாக்கியிருந்தன. பழைய வரிமுறை விறகை அடுக்கி வைத்திருந்தது. 1985இன் தளர்வு அதற்குத் தீயிட்டது.

மீட்சியின் வரலாறும் அவ்வாறே கலப்புடையது. வங்கிகளுள் சிலவற்றை அரசுடைமையாக்கியது பில்ட் தலைமையிலான வலதுசாரி அரசு. உதவித்தொகைகளைக் குறைத்தும் ஓய்வூதிய முறையைத் திருத்தியும் வரவு செலவைச் சமன்செய்தது 1994இல் மீண்டும் வந்த சமூக சனநாயக அரசு. பெயர்களை மாற்றி எழுதினும் எவரும் ஐயுறார்! இதன்பின் 2007 அளவில் பொதுக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இறங்கியது. பொதுச் செலவோ உற்பத்தியில் பாதியளவாக நீடித்தது. பெருஞ்செலவே பெருங்கடனுக்கு வழி என்னும் விதி இங்குப் பொய்க்கின்றது.

இனி, 2010இல் தொடங்கிய யூரோ நெருக்கடி. மக்கள்நலச் செலவே காரணமாயின் அச்செலவு மிக்க நாடுகள் முதலில் வீழ்ந்திருத்தல் வேண்டும். சுவீடனும் தென்மார்க்கும் செருமனியும் வீழவில்லை. வீழ்ந்தவற்றுள் ஒன்றான அயர்லாந்து நிறுமங்களுக்கு 12.5 விழுக்காடே வரி விதித்து, சந்தைவாதிகளால் முன்மாதிரியெனப் போற்றப்பட்ட நாடு. 2007இல் அதன் பொதுக்கடன் உற்பத்தியில் கால்பங்கினும் சற்றே குறைவு. 2008 செப்டம்பரில் வங்கிகளின் பொறுப்புகளுக்கு அரசு உறுதியளித்ததன் விளைவாக 2010இன் பற்றாக்குறை உற்பத்தியில் 30 விழுக்காட்டையும் தாண்டியது. அவ்வாண்டு நவம்பரில் 85 பில்லியன் யூரோ உதவியை அந்நாடு ஏற்க நேர்ந்தது. இசுபெயினின் 2007ஆம் ஆண்டுக் கடன் ஏறத்தாழ 36 விழுக்காடு. செருமனியின் கடனோ 60 விழுக்காட்டிற்கும் மேல். அங்கும் அழிவு மனை விற்பனைக் குமிழியிலிருந்தே பிறந்தது.

கிரேக்கம் மட்டுமே மறுதரப்பிற்கு ஓரளவு இடந்தருகின்றது. 1980களில் பாசோக் கட்சியின் ஆட்சியில் அந்நாட்டின் கடன் பெருகியது உண்மை. அரசுப் பணி கட்சிக்காரர்க்குரிய கொடையாக வழங்கப்பட்டதும், சில தொழிலினர்க்கு இளவயதிலேயே ஓய்வூதியம் கிடைத்ததும் உண்மை. அவற்றைச் சமதர்மம் எனப் பெயரிட்டு அழைத்தோர் கிரேக்க ஆட்சியாளரே. ஆனால் 2009இல் வெளிப்பட்ட, உற்பத்தியில் 15 விழுக்காட்டளவான பற்றாக்குறை, ஐந்தாண்டுக்கும் மேல் ஆண்ட புதிய சனநாயகம் என்னும் வலதுசாரிக் கட்சி விட்டுச்சென்றது. உற்பத்தியின் பங்காகக் கணக்கிடின் சமூகச் செலவில் கிரேக்கம் பிரான்சுக்கும் சுவீடனுக்கும் பின்தங்கியே நின்றது. அவ்விரு நாடுகளுக்கும் கிரேக்கத்திற்கும் இடையிலான வேறுபாடு வரி தண்டுதலில் உள்ளது: செல்வரும் தன்தொழிலினரும் வரியைத் தவிர்க்க, அரசு கடனால் அவ்விடத்தை நிரப்பிற்று. தன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்கும் வழியும் யூரோவால் அடைபட்டிருந்தது.

நோய்க்குக் காரணம் இன்னதென முடிவுசெய்தலைச் சொற்போர் எனக் கருதிவிடலாகாது. யார் விலை கொடுப்பது என்பது அதனைச் சார்ந்தே முடிவாயிற்று. மக்கள் அளவுக்கு மீறி நுகர்ந்தனர் என்னும் தீர்ப்பின் மீது 2010 மே மாதத்தில் 110 பில்லியன் யூரோ கடன் நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது. 2012இல் குறைந்தபட்ச மாத ஊதியம் 751 யூரோவிலிருந்து 586ஆகக் குறைக்கப்பட்டது. 25 வயதிற்குட்பட்டோர்க்குக் குறைப்பு இன்னும் மிகுதி. 2013 சனவரியில் பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர் பிளாஞ்சார்டும் அவருடன் பணியாற்றிய லீயும் வெளியிட்ட ஆய்வு, சிக்கன நடவடிக்கையால் விளையும் உற்பத்தி இழப்பை நெருக்கடியின் தொடக்க ஆண்டுகளின் கணிப்புகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன எனக் கண்டது. அவ்வாண்டு கிரேக்கத்தில் வேலையின்மை 27 விழுக்காட்டைக் கடந்திருந்தது. இளைஞர்க்கென விதிக்கப்பட்ட அக்குறை ஊதியம் 2019 பெப்ரவரியில்தான் நீக்கப்பட்டது. அன்றும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 650 யூரோவையே எட்டியது.