மருந்துக் கடையும் ஆய்வுக்கூடமும்

மரபறிவைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு வழங்கி வருகிறது. கைவைத்தியம் அறியாமையின் எச்சமே என்று ஒதுக்குவோர் ஒருசாரார். சித்தர்கள் அறியாதது எதுவுமில்லை என்று மேடைதோறும் முழங்குவோர் மறுசாரார். இருசாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: அவ்வறிவைச் சோதித்துப் பார்க்க இருவருமே விரும்புவதில்லை. இகழ்ந்தவரினும் புகழ்ந்தவரே அதற்குப் பெருங்கேடு செய்தனர் என்பது என் துணிபு.

சான்று சிங்கப்பூரிலேயே உண்டு. இங்குள்ள சீனர் 1867இல் தோங் சாய் இலவச மருத்துவ நிலையத்தைத் தொடங்கினர். 1953இல் சீன மருத்துவத்திற்கெனக் கல்லூரி கண்டனர். 1994இல் சுகாதார அமைச்சு ஆராய்ச்சிக் குழு அமைத்தது. 2000இல் பாரம்பரியச் சீன மருத்துவர் சட்டம் நிறைவேறியது. பயிற்சி, தேர்வு, பதிவு ஆகியவற்றிற்கு அம்மருத்துவர் உட்பட்டனர். 2005இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உயிர்மருத்துவ அறிவியலையும் சீன மருத்துவத்தையும் இணைத்துப் பட்டப்படிப்புத் தொடங்கிற்று.

"அவர்கள் பெரும்பான்மையர்; அதனால் பெற்றனர்" என்பர் சிலர். தொகை துணைநின்றிருக்கலாம். ஆயினும் தொகை பாடத்திட்டம் வகுக்குமா? தேர்வு எழுதுமா?

மஞ்சளின் கதையும் இதையே உணர்த்தும். மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வாதாடி 1997இல் அதனை நீக்கச் செய்தது. வென்றவை பழைய நூல்களும் அச்சேறிய கட்டுரைகளுமே. "மஞ்சள் எங்கள் பாட்டன் சொத்து" என்னும் முழக்கம் அங்கே செல்லாது. எழுதி வைக்காத அறிவு வழக்கில் ஊமைச் சாட்சியன்றோ?

அறிவுக்குரியோரை மறந்த ஆய்வும் அறமாகாது. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் சோர்வு நீங்க உண்ட ஆரோக்கியப்பச்சையை, 1987இல் அறிவியலாளர் அவர்கள் வாயிலாகவே அறிந்தனர். அதனைக்கொண்டு மருந்து ஆக்கிய திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிலையம், உரிமத்தொகையில் சரிபாதியைக் காணியருக்கு அளிக்க இசைந்தது. மதித்துக் கேட்டலும் பகிர்ந்து கொடுத்தலும் ஆய்வின் உறுப்புகளே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

"ஈயமும் பாதரசமும் சேர்ந்த மருந்துகள் தீங்கு செய்யுமே" என்பார்க்கு என் விடை: செய்யும், ஆகவேதான் சோதனை வேண்டும் என்கிறேன். தோற்பது தோற்கட்டும், தேறுவது மருந்தாகட்டும். சோதனைக்கு அஞ்சும் பெருமை, பெருமையன்று.

இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். சித்த நூல்கள் செய்யுளில், குழூஉக்குறிகளோடு இயற்றப்பட்டவை. ஒரே மூலிகைக்குப் பல பெயர். ஒரே பெயருக்குப் பல மூலிகை. நம் மாணவர் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். வேதியியல் வல்ல மாணவனுக்கு அச்செய்யுள் விளங்காது. செய்யுள் வல்ல ஆசிரியருக்கு வேதியியல் விளங்காது. இவ்விரு அறைகளுக்கும் இடையே கதவு திறக்காவிடின், நாளை ஆய்வுக்குழு கூடும்போது நம் சார்பில் பேச எவர் இருப்பர்?

சிராங்கூன் சாலை நாட்டுமருந்துக் கடையில் வசம்பும் கடுக்காயும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை அடையாளம் காணும் மாணவர் எத்தனை பேர்? பள்ளிதோறும் மாணவர் முதியோரை அணுகி, அவர்தம் இசைவு பெற்று, மருந்தின் பெயரும் பயனும் பத்தியமும் சொன்னவர் பெயரும் குறித்து வரட்டும். தமிழாசிரியர் சொற்களைச் சரிபார்க்கட்டும். அறிவியலாசிரியர் செடியை இனங்காணட்டும். அந்த ஏட்டோடு சென்றால்தான் ஆய்வுக்கூடத்திலும் அமைச்சிலும் நமக்கோர் இருக்கை கேட்க உரிமையுண்டு. வெறுங்கையோடும் வீரப்பேச்சோடும் செல்பவர்க்கு வாயிலிலேயே விடை கிடைக்கும்.