காளானிழையும் மூடிய குடுவையும்

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்தாற் பெயர் பெற்ற ஊர். ஆண்டுள்ள சிற்பக் கூடங்களில் மரத்தூளும் சீவலும் குவிதலை யாவரும் அறிவர். அத்தூளில் ரெய்ஷி என்னும் மருந்துக் காளானை வளர்ப்பின் ஊர் வளம் பெறாதோ எனச் சிலர் வினவுதல் கூடும். வினா தக்கதே, ஆயினும் அதனை அவ்வண்ணமே ஏற்றல் தகாதென்பது எம் கருத்து.

ரெய்ஷி, கானோடெர்மா என்னும் இனத்தைச் சார்ந்தது. மரத்தைச் சிதைத்து உண்டு வாழ்வது. தவிடு கூட்டி, அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் தூய்மை செய்த மரத்தூளில் செழித்து வளரும். 25 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பம் அதற்கு உவப்பாதலின், நம் சமவெளியும் பொருந்தும். ஆயின், தென்னையின் அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணமாவதும் இவ்வினமே. 1952 இல் தஞ்சை மாவட்டத்திற் கண்டறியப்பட்டமையின் அந்நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்னும் பெயரும் உண்டு. கமுகையும் இவ்வினம் விடுவதில்லை. காளான் முதிர்ந்தவழி எண்ணிறந்த வித்துகள் காற்றிற் பரவும். வளர்க்கும் வகை வேறு, நோய் செய்யும் வகை வேறு எனின், அதனை ஆராய்ந்து தெளிதற்கு முன்னரே, சிலர் பெறும் ஊதியத்தின் பொருட்டுப் பலர் தோப்பைப் பணயம் வைத்தல் அறமாகுமோ?

அங்ஙனமாயின் அக்காளானை அறவே துறத்தல் வேண்டுமோ? வேண்டா. மரத்தினுள்ளே படரும் வெண்ணிற இழையே காளானின் உடல். வெளியே தோன்றுவது அதன் கனி போல்வது. சர்க்கரையும் ஈஸ்ட் சாறும் கலந்த நீரில், மூடிய குடுவையில், இழையை மட்டும் சில வாரங்களில் வளர்த்தெடுக்கலாம். கனி தோன்றாமையின் அதன் வித்தும் காற்றிற் பரவாது. இது வெறுங் கனவன்று. டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்னும் காளானின் வளர்ப்பிழையினின்று பிரித்த கிரெஸ்டின், 1977 இல் ஜப்பானில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

எனினும், இழையில் மருந்துப் பொருள் உண்டென்பது வேறு. நோய் தீருமென்பது வேறு. ரெய்ஷியைப் புற்றுநோய்க்கு முதன்மை மருத்துவமாகக் கொள்ளப் போதிய சான்றில்லை என்றே 2016 இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புக் கூறிற்று. ஆதலின், சான்று வருமுன் விளம்பரம் வருதலை யாம் அஞ்சுகின்றோம்.

எமது துணிபு இதுவே: வண்ணமும் மெருகும் படாத தம்மம்பட்டித் தூளில் உணவாகும் சிப்பிக் காளான் வளர்க, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் நல்வகைகளை வெளியிட்டுள்ளது. ரெய்ஷி இழையைக் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் குடுவையுள் வளர்த்து ஆராய்க. தாவர நூல் பயிலும் தோழர்காள், ஆய்வு உமதாகுக; அதன் முடிவை உழவர்க்கு நல்ல தமிழில் உணர்த்துதல் எம் கடனாகுக.