இல்லற மடல்: மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது

இரண்டாம் குழந்தைக்கு ஒன்றரை வயது. அடுத்த மகப்பேற்றைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்க விரும்பிய சகோதரி ஒருவர், ஐந்து மாதங்கள் கருத்தடை மாத்திரை உட்கொண்டார். ஓயாத தலைவலி, குமட்டல், காரணமில்லாத அழுகை, பிள்ளைகள்மீது எரிச்சல். வேறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தலைவலி தொடங்குமுன் கண்முன் ஒளிக்கீற்றுகள் நெளியத் தொடங்கின. அதோடு நிறுத்திவிட்டார். “செவிலியர் காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். பக்கத்து வீட்டுச் சகோதரி ஊசி போதும் என்கிறார். என் மாமியாரோ அறுவை செய்துகொண்டால் தொல்லை தீரும் என்கிறார். திருச்சபை சொல்லும் வழியை நம்பலாமா?” என்று எழுதியிருக்கிறார். எல்லாருடைய கருத்தும் கடிதத்தில் இருக்கிறது. கணவருடையது மட்டும் இல்லை.

முதலில் உடல்நலம். கண்முன் ஒளி நெளிந்தபின் வரும் ஒற்றைத் தலைவலியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. அத்தகைய தலைவலி உடையவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை உட்கொண்டால் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படும் ஆபத்து மிகுகிறது. ஆகவே மருத்துவரிடம் இதனைச் சொல்லி, உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதிவைக்கச் செய்யுங்கள். மாத்திரை உண்ணும் எவருக்கேனும் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஊசியும் ஹார்மோனே. 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் ‘அந்தரா’ என்ற பெயரில் இலவசமாகப் போடப்படும் ஊசி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்பது உண்மையே. ஆனால் மாத்திரையை இன்றே நிறுத்தலாம். உடலில் ஏறிய ஊசியைத் திரும்ப எடுக்க இயலாது. ஒத்துக்கொள்ளாவிடில் அதன் வேகம் தணியும்வரை பொறுக்கத்தான் வேண்டும். காப்பர்-டி கருவியில் ஹார்மோன் இல்லை. ஆயினும் மாதவிடாய்ப் போக்கையும் வலியையும் அது மிகுவிக்கக்கூடும் என்பதை இரத்தசோகை உள்ள நம் பெண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சபையும் அதனை ஏற்பதில்லை. அறுவையோ நிலையானது. இடைவெளி மட்டும் வேண்டுவோர்க்கு, திருச்சபையின் போதனையை ஒருபுறம் வைத்தாலும், அது விடையே அன்று.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட இல்லங்களோ 0.3 விழுக்காடுதான். அறுவையை நான் பரிந்துரைக்கவில்லை. சுமை யார் தலையில் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறேன். மாத்திரையும் ஊசியும் கருவியும் கத்தியும் மனைவிக்கே. ‘எது ஒத்துக்கொள்கிறதோ பார்த்துக்கொள்’ என்னும் ஒரு சொல் கணவர்க்கு!

திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ‘உமானே வீத்தே’ என்னும் சுற்றுமடலை, ‘கூடாது’ என்னும் ஒற்றைச் சொல்லாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தக்க காரணத்தோடு பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் தம்பதியர், இயற்கையிலேயே கருவுறா நாள்களைப் பயன்படுத்துவது முறையானதே என்று அம்மடல் கூறுகிறது. நோயைத் தீர்ப்பதற்கு இன்றியமையாத மருந்தையும், அது கருத்தரிப்பைத் தடுக்க நேர்ந்தாலும், அத்தடையை நாடாதவரை, அது விலக்கவில்லை. மாதவிடாய்க் கோளாற்றுக்காக மருத்துவர் தரும் ஹார்மோன் மாத்திரையை உண்ணும் சகோதரிகள் மனம் கலங்க வேண்டியதில்லை.

இனி, இயற்கை முறை. இச்சொல்லைக் கேட்டதும் பலர் நாள்காட்டியில் நாள் எண்ணுவதையே நினைக்கின்றனர். ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் நாவுஸும் 1920களில் வகுத்த கணக்கு அது. மாதச் சுழற்சி பிசகினால் கணக்கும் பிசகும். மாத்திரையை நிறுத்திய முதல் சில மாதங்களில் சுழற்சி பிசகவே செய்யும். அக்கணக்கை நம்பிக் கருவுற்றவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாய்வழிதான் ‘திருச்சபையின் வழி பலிக்காது’ என்ற பேச்சும் பரவியது.

ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவத் தம்பதியர் ஜான் பில்லிங்ஸும் ஈவ்லின் பில்லிங்ஸும் வளர்த்த முறை வேறு. அதில் கடந்த மாதத்தைக் கொண்டு கணிப்பதில்லை. இன்று உடல் காட்டும் குறியையே பார்க்கிறோம். மாதவிடாய்க்குப் பின் சில நாள்கள் உலர்ந்திருக்கும். பிறகு கருப்பை வாயிலிருந்து ஈரம் சுரக்கும். நாளடைவில் அது பச்சை முட்டையின் வெண்கருபோல் தெளிந்து வழுவழுப்பாகும். அந்த வழுவழுப்பு உணரப்படும் கடைசி நாளே உச்ச நாள். ஈரம் தொடங்கிய நாள்முதல் உச்ச நாளுக்குப் பின் மூன்று நாள்வரை கருவுறும் காலம். நான்காம் நாள்முதல் அடுத்த மாதவிடாய்வரை கருவுறாக் காலம். பெண்ணின் கருமுட்டை ஒரு நாளுக்குமேல் வாழ்வதில்லை. ஆணின் உயிரணு இச்சுரப்பில் ஐந்து நாள்வரை வாழக்கூடும். ஈரம் தோன்றியதுமே விலகியிருக்கச் சொல்வது இதனால்தான். காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் உடல் வெப்பத்தை அளந்து, முட்டை வெளிப்பட்டபின் ஏறத்தாழ 0.2 டிகிரி செல்சியஸ் உயர்வதையும் சேர்த்துப் பார்த்தால் உறுதி கூடும்.

இதனை நம்பலாமா? உலக நலவாழ்வு நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் 869 பெண்களுக்குப் பில்லிங்ஸ் முறையைக் கற்பித்து ஆராய்ந்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதோரும் அவர்களுள் இருந்தனர். எனினும் 93 விழுக்காட்டினர் முதல் சுழற்சியிலேயே குறிகளைக் கண்டுகொண்டனர். ஆனால் தொடர்ந்து வந்த ஓராண்டில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் கருவுற்றனர். அதையும் மறைக்கலாகாது. அவர்களுள் பெரும்பாலோர் குறியைத் தவறாகப் படித்தவர்கள் அல்லர். கருவுறும் நாள் என்று அறிந்தே கூடியவர்கள். சுரப்பையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறையை ஜெர்மனியில் 900 பெண்களிடம் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். கருவுறும் நாள்களில் முற்றிலும் விலகியிருந்தோரில் ஆண்டுக்கு 100க்கு 0.4 என்ற அளவிலேயே கருத்தரிப்பு நேர்ந்தது. 20க்கும் 0.4க்கும் உள்ள இடைவெளியில் கற்பிப்பவரின் திறமைக்கு ஒரு பங்கு உண்டு. பெரும்பங்கு கணவருடையது.

ஆதலால் சகோதரி, இம்முறையைத் தொடங்குமுன் உங்கள் கணவரோடு பேசுங்கள். அவர் இசையாவிடில் இம்முறை இல்லை. ‘கூடாது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லும் கடமையை உங்கள் தலையில் ஏற்றிவிட்டு, அவர் முகம் சுளிப்பாரானால், மாத்திரை தந்த தலைவலி வேறு வடிவில் வீட்டுக்குள் வந்துவிடும். ஒருவருக்கொருவர் இசைந்து சிறிது காலம் விலகியிருப்பதைப் பற்றிப் புனித சின்னப்பரும் கொரிந்தியர்க்கு எழுதியிருக்கிறார். இசைவு இருவருடையது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருவருமாகச் சென்று, பயிற்சி பெற்ற ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டால் மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுவுக்கு வழிகாட்டுவார். முதல் சுழற்சி முழுவதும் விலகியிருந்து குறிகளை மட்டும் எழுதுங்கள். இரவுதோறும் நீங்கள் சொல்ல, அவர் குறிப்பேட்டில் எழுதட்டும். அரிப்போ துர்நாற்றமோ உள்ள போக்கு இருந்தால் அது நோய்க்குறி; மருத்துவரிடம் காட்டுங்கள், தீரும்வரை அந்நாள்களையும் கருவுறும் நாள்களாகவே கருதுங்கள். மீண்டும் கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருப்பின், அதைக் கற்பிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் மாதவிடாய்க்குப் பிந்திய உலர் நாள்களையும் விட்டுவிட்டு, உச்ச நாளும் வெப்ப உயர்வும் உறுதியான பின்வரும் நாள்களை மட்டுமே கொள்வது வழக்கம்.